மரக்கடை பிக்கப்பின் கியர் கேபிள் பற்றி மெக்கானிக் சொன்னது

என் பெயரும் தகப்பனார் பெயரும் அடையாள அட்டையைப் பார்த்து எழுதிக்கொள்ளப்பட்டன. தெருவில் 'ஸ்பானர்' என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். வயது நாற்பத்து மூன்று. தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே வண்டிப் பட்டறை வைத்து, அதன் மாடியிலேயே குடும்பத்துடன் குடியிருக்கிறேன். என்னை யாரும் மிரட்டவில்லை. நான்தான் சத்தமாகப் பேசினேன் என்று விசாரிக்கும் போலீஸ் அதிகாரி சொல்கிறார், அதையும் எழுதிக்கொள்ளட்டும்.

விபத்தான பிக்கப் வண்டி மரக்கடை முதலாளிக்குச் சொந்தமானது. அதை ஓட்டுபவர் என் தங்கையின் கணவர், மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன். அது ஆட்டோமேட்டிக் வண்டி, லிவரைப் 'பார்க்'கில் போட்டால் கியர் பெட்டியே சக்கரத்தைப் பூட்டி நிறுத்தும். லிவருக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே ஓடும் கேபிள் நெடுநாளாக நைந்துகொண்டிருந்தது. மாற்ற வேண்டும் என்று மாப்பிள்ளை கேட்டபோதெல்லாம் முதலாளி "ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்றார். கை பிரேக் அதற்கு முன்பே செத்துவிட்டது. அதை நானே போய்ச் சொன்னதற்கு "அதான் பார்க் இருக்குல்ல" என்றார். கடைசியில் கேபிள் நடுரோட்டில் அறுந்து, வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார்கள்.

அதன் பிறகு சம்பவத்தன்று காலை பழைய கேபிளைக் கழற்றி, புதியதை உள்ளே விட்டு, இரண்டு முனைகளையும் மாட்டினேன். மாட்டியதும் வேலை முடிந்தது என்று நினைப்பவன் மெக்கானிக் இல்லை. மேலே லிவரும் கீழே பெட்டியும் ஒரே கியரில் இருக்கும்படி அளவு வைத்து, பூட்டுக் கிளிப்பை அழுத்த வேண்டும். இல்லாவிட்டால் லிவர் பார்க் என்று காட்டும், பெட்டி நியூட்ரலில் இருக்கும், சக்கரத்தைப் பிடிக்க ஒன்றும் இருக்காது. அந்தக் கிளிப் உடைந்தே வந்திருந்தது. ஆகவே சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஸ்டீயரிங்கில் 'தொடாதே' என்ற அட்டையைத் தொங்கவிட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கிளிப் வாங்கக் கிளம்பினேன்.

அப்போது முதலாளி போனில் கூப்பிட்டு "வண்டி நிக்குதா?" என்று கேட்டார். நான் "நிக்குது, இன்னைக்கு எங்கயும் போகாது" என்றேன். வேலை முடியவில்லை, வண்டி பட்டறையில்தான் கிடக்கிறது என்ற அர்த்தத்தில் சொன்னேன். எங்கள் தொழிலில் வண்டி நிக்குதா என்றால் பார்க்கில் போட்டால் நகராமல் நிற்கிறதா என்றும் அர்த்தம் உண்டு. அவர் எதைக் கேட்டாரோ, எதைக் காதில் வாங்கினாரோ, அது அவருக்கே வெளிச்சம். என் மேல் கொடுத்த புகாரில் "நிக்குது, எங்கயும் போகாது" என்று நான் உத்தரவாதம் கொடுத்ததாக எழுதியிருக்கிறார். 'இன்னைக்கு' என்ற சொல்லை மட்டும் மென்று விழுங்கிவிட்டார்.

அதன் பிறகு அவர் மாப்பிள்ளையிடம் மாற்றுச் சாவியைக் கொடுத்து, "உன் மச்சானே நிக்குதுன்னு சொல்லிட்டான், லோடு காத்துக் கிடக்கு, போய் எடு" என்று அனுப்பியிருக்கிறார். மாப்பிள்ளை அட்டையைப் பார்த்திருக்கிறார். கட்டையை அவரே எடுத்துப் போட்டிருக்கிறார். நான் சொன்னேன் என்றால் அவருக்கு மறுபேச்சு கிடையாது. எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே அந்த மனுஷன்.

அதன் பிறகு, கட்டட வேலை நடக்கும் ஒரு வீட்டு முன்னால், சரிவில் வண்டியை நிறுத்தி, லிவரைப் பார்க்கில் போட்டு, எஞ்சினை அணைத்துவிட்டு, பின்பக்கம் போய்ப் பலகை இறக்கியிருக்கிறார். வண்டி பின்னால் உருண்டு அவரைச் சுவரோடு வைத்து நசுக்கியது. நான் போய்ச் சேர்வதற்குள் ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். லிவர் அப்போதும் பார்க்கில்தான் இருந்தது. வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அதன் பிறகு முதலாளி ஆஸ்பத்திரிக்கு வந்தார். படுத்திருந்தவரை எட்டிக்கூடப் பார்க்காமல், தங்கையை வராந்தாவுக்குக் கூப்பிட்டுப் பேசிவிட்டுப் போனார். எரிகிற வீட்டில் பிடுங்குகிறவனைக் கேள்விப்பட்டிருக்கிறேன். கொளுத்தியவனே வந்து பிடுங்குவதை இப்போதுதான் பார்க்கிறேன். அவர் போன பிறகு தங்கை என்னிடம் வந்து, "தப்பு உன்னோடதுன்னு ஒத்துக்கோண்ணா. இவருக்குக் கடையில உக்காந்து பாக்குற வேலை தர்றேங்கறாரு. உனக்குக் கை கால் இருக்கு, எங்க போனாலும் பொழச்சுக்குவ" என்றாள்.

குடும்பத்துக்காக விட்டுக்கொடுத்தால் என்ன என்று அதிகாரி கேட்டார். அந்த முதலாளியிடம் இன்னும் இரண்டு பிக்கப் ஓடுகிறது, இரண்டிலும் கை பிரேக் பிடிக்காது. பழியை நான் சுமந்தால் அவரை யாரும் ஒரு கேள்வி கேட்கப் போவதில்லை. அந்த வண்டிகளுக்குப் பின்னால் நின்று பலகை இறக்குகிறவனும் எவளோ ஒருத்திக்குப் புருஷன்தான்.

எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். நான் சொன்னதில் ஒன்றும் கூடவில்லை, குறையவில்லை, அத்தனையும் உண்மை. தங்கை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். இதில் கையெழுத்துப் போட்டால் மாப்பிள்ளைக்கு அந்த வேலை கிடையாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் போடுகிறேன்.

(கையெழுத்து)