அந்த ஊர்க் கூலி

குன்னூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள்.

“குல்லா பேக்டரி வெளிநாடு போயும் என்னை விட மாட்டேங்குது” என்றார் மூத்தவர்.

“எதுக்குங்க்கா?”

“அங்க கூலி கம்மின்னு நம்மளை வேலைய விட்டு நிறுத்திட்டுப் போனாங்கல்ல, அந்த ஊர்ல குளிரே இல்லையாம். கம்பளிக் குல்லா காதை மூடுதா, குத்துதான்னு சொல்ல ஆளில்லையாம். பார்சல்ல அனுப்பறோம், பனியில நின்னு போட்டுப் பாத்துச் சொல்லுங்கன்னு மேனேஜர் கேட்டாரு.”

“நல்லதுதானுங்களே!”

“சம்பளம் கேட்டேன். பேக்டரி அங்க இருக்கறதால அந்த ஊர்க் கூலிதானாம். அப்ப பனியையும் அங்கயே பாத்துக்கங்கன்னு போனை வெச்சுட்டேன்.”

இருவரும் சிரித்தார்கள். அருவங்காடு தாண்டியதும் இளையவர் மெதுவாகக் கேட்டார்:

“அந்த மேனேஜர் நம்பர் இருக்குங்களாக்கா?”