சமையலறைத் தரையில் தினேஸ்வரி கண்டது

மேடையில் இருக்கும் சங்கத் தலைவர் கார்த்திகேசு ஐயா அவர்களே, முன் வரிசையில் மகளை இழந்து உட்கார்ந்திருக்கும் சரளா அத்தை அவர்களே, புந்தோங்கிலிருந்தும் சிலிபினிலிருந்தும் வந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம். எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. எழுதி வந்ததைப் பார்த்துப் பேசுகிறேன்.

இயற்பியல் முதுகலை மாணவி தினேஸ்வரி கனகராஜ், இருபத்து மூன்று வயதில், டிங்கிக் காய்ச்சலில் போய்விட்டார். எங்கள் தினேஸ்வரி அக்கா!

தாமாக நகரும் சிறு பொருள்கள் தாறுமாறான தடைகளுக்குள் எப்படிப் போகும்? இதுதான் அக்காவின் ஆராய்ச்சி. நான் கைப்பேசி பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்கிறேன். பழைய கைப்பேசியில் அதிரும் குட்டி மோட்டாரைக் கழற்றிக் கொடுப்பேன். அக்கா அதைப் பல் துலக்கும் பிரஷின் தலையில் ஒட்டி, பட்டன் பேட்டரி வைப்பார். அது பூச்சி மாதிரி ஊரும். பழைய தோட்டத்தில் பொறுக்கிய ரப்பர் கொட்டைகளைப் பலகையில் கண்டபடி ஒட்டி, நடுவில் பூச்சிகளை விடுவோம். மாட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே உதறும் பூச்சிக்கு அக்கா வைத்த பெயர், இதோ இந்தச் சபையில் உட்கார்ந்திருக்கும் நம் பத்துமலை அண்ணனுடையது. அண்ணே கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பூச்சிகள் ஒரே பக்கமாக வெளியேறின. தடைகளே அவற்றுக்கு ஒரு திசையைக் கொடுக்கின்றன என்று அக்கா எழுதினார். அந்தக் கட்டுரைக்குப் பரிசு கிடைத்தது. அதை நினைவு மலரில் அச்சடித்துப் பள்ளிகளுக்குக் கொடுக்கப்போவதாகத் தலைவர் சற்று முன் சொன்னார். கைதட்டினீர்கள்.

அந்த முடிவு தவறு.

பலகை இருந்தது சரளா அத்தை வீட்டுப் பின் சமையலறைத் தரையில். கழுவிவிட்ட தண்ணீர் தானாகப் பின்பக்க லோங்காங் சாக்கடையில் விழ, அந்தத் தரையைச் சரிவாகப் போட்டிருக்கிறார்கள். நம் எல்லார் வீட்டிலும் அப்படித்தானே? அதனால்தான் யாருக்கும் தோன்றவில்லை. ஒரு நாள் என் கை பட்டு, குடிக்க வைத்திருந்த சிராப் தண்ணீர் கொட்டியது. பூச்சிகள் போன பக்கமே அதுவும் ஓடியது. திசையைக் கொடுத்தது தடைகள் இல்லை, தரையின் சரிவு.

சொன்னேன். அக்கா என்ன சொன்னார் தெரியுமா?

"மூணாம் படிவத்தோட பள்ளிக்கூடத்த விட்டவ நீ. மோட்டார் கழட்டுறதோட நிறுத்திக்க."

அதன்பிறகு நான்கு நாள் நான் அக்கா வீட்டுப் பக்கம் போகவில்லை. அக்கா யாரையும் நோகடித்ததில்லை என்று இங்கே மூன்று பேர் பேசினீர்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

ஐந்தாம் நாள் மருத்துவமனையிலிருந்து குரல் பதிவு வந்தது. "காய்ச்சலுக்கு முன்னாடியே தண்ணி ஊத்திப் பார்த்தேன் புனிதா. நீ சொன்னதுதான் சரி. யார்கிட்டயும் சொல்லாத. வந்து நானே சொல்றேன்லா."

அவர் வரவில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாமா? மலரைப் படித்து ஒரு பிள்ளை பலகை செய்யும். பூச்சி ஒரு பக்கமாகப் போகாது. அந்தப் பிள்ளை தன்னைத்தானே மக்கு என்று நினைக்காதா?

காலையில் அத்தையிடம் சொன்னேன். "எம்மகள ரெண்டாவது தடவ சாகடிக்காத" என்றார். அதைக் கேட்டுவிட்டும்தான் இங்கே நிற்கிறேன்.

தலைவர் ஐயா, அந்தப் பக்கத்தை எடுத்துவிடுங்கள். முதல் பூச்சியிலிருந்து மறுபடி செய்வேன், மட்டம் பார்த்த மேசையில். என்ன வந்தாலும் அக்கா பெயரில்தான் எழுதுவேன். இது இந்தச் சபையில் நான் கொடுக்கும் வாக்கு.

அத்தை, பலகை உங்கள் வீட்டில் இருக்கிறது. திங்கட்கிழமை வேலை முடிந்து வருவேன். கதவைத் திறக்காவிட்டால் செவ்வாய்க்கிழமையும் வருவேன்.