இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூ

"ஆபரேசன் வேணாம்னுட்டா ஆத்தா. அதான் மறுபடி கேட்டோம் டீச்சர்."

சித்தையன்கோட்டையிலிருந்து திண்டுக்கல் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டுப் பெண் சொன்னாள். மடியில் கஞ்சித் தூக்குவாளி. பக்கத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட அறிவியல் டீச்சர்.

"எங்க வீட்டுக்காரருக்கு வயித்துல கட்டி, உடனே அறுக்கணும்னாரு டாக்டரு. இவரு ஆத்தாவக் கேக்காம வரமாட்டேன்னுட்டாரு. ஆத்தா கோயில்ல பூக்கட்டிப் பாத்தோம். வெள்ளப் பூ ஒரு பொட்டலம், செவப்பு ஒரு பொட்டலம். வெள்ள வந்தா சரி. செவப்பு வந்துருச்சு."

ஆத்தூர் தாண்டும் வரை டீச்சர் திட்டினார். "ராக்கெட் விடுற காலத்துல பொட்டலத்தப் பிரிச்சா வைத்தியம் பாக்குறது? அவரு உசுரு என்னாகுறது?"

"மறுநாள் வெள்ள வந்துருச்சுல்ல. ஆஸ்பத்திரியில சேத்தாச்சு. நாளைக்கு ஆபரேசன்."

"மறுநாள் மட்டும் எப்படி வந்துச்சு?"

"ரெண்டு பொட்டலத்துலயும் நான் வெள்ளையத்தான வச்சுக் கட்டுனேன்."

டீச்சர் சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அடிப்பாவி! ஆத்தா கோவிச்சுக்க மாட்டாளா?"

"கோவிப்பாளேன்னுதான், நல்லபடியா எந்திரிச்சு வந்தா மொட்ட போடுறதா வேண்டியிருக்கேன்."

"நீயா?"

"நான் எதுக்கு? அவருக்குத்தான்."