கிட்ட நின்னு தட்டு

— தட்டு கண்ணு! இப்ப தட்டு!

— செத்தாச்சு. நீ "தட்டு"ன்னு சொல்றதுக்குள்ள ஈட்டி என் வயித்துல ஏறி எறங்கிடுச்சு, டின்டோ.

— நான் சரியாத்தான் சொன்னேன். ஃபோன டிவி பக்கமா இன்னும் கொஞ்சம் திருப்பு. கேக்குதா?

— கேக்குது, கேக்குது. நீ கப்பல்ல கத்தறது இங்க இலோயிலோவுல நம்ம வீட்டுக்கு வந்து சேர்றதுக்குள்ள, கேம்ல அந்த ஈட்டிச் சாமியார் என்னைக் கொன்னுட்டு, குளிச்சு சாப்பிட்டும் முடிச்சிடறான்.

— நீ ஏன் பின்னாடி உருண்டு ஓடற? அவன் ஈட்டி எவ்ளோ நீளம், எட்டிக் குத்திடுவான். ஓடாம கிட்ட நில்லு கண்ணு. குத்து மேல விழற அந்த நொடியில கத்தியால தட்டணும். முந்தினாலும் போச்சு, பிந்தினாலும் போச்சு. ஒழுங்கா தட்டிக்கிட்டே இருந்தா அவனே தடுமாறி முட்டி போடுவான்.

— கிட்ட நிக்கணுமா? யாரு சொல்றது பாரு!

— ஆரம்பிச்சிட்டியா.

— நான் எங்க ஆரம்பிச்சேன்? சாமியார்தான் ஆரம்பிக்கறான். சொல்லு, சொல்லு.

— முதல் குத்து... தட்டு! அடுத்தது... தட்டு! மூணாவதுல ஏமாத்துவான், ஈட்டிய ஓங்கி அப்படியே நிறுத்தி வெச்சுக்குவான், அவசரப்படாத... இப்ப!

— செத்தாச்சு.

— ச்சே! நல்லாத்தானே போச்சு!

— அங்க யாரு சிரிக்கறது?

— நம்ம சமையல்கார செல்சோ அண்ணன். வைஃபைக்கு அடுத்தது அவர் முறை. பொண்டாட்டிகூடப் பேசறியா, பொம்மச் சண்ட போடறியான்னு கேக்கறாரு.

— ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்லு.

— சொல்லிட்டேன், அதுக்குத்தான் சிரிப்பு. லிகயா... ஒரு விஷயம்.

— கேப்டன் இன்னும் இருக்கச் சொல்லிக் கேட்டுட்டாரா?

— உனக்கெப்படித் தெரியும்?

— நீ "கண்ணு"ன்னு கூப்பிடாம பேரச் சொன்னா வில்லங்கம்தானே. எவ்ளோ நாளு?

— இன்னும் ஆறு மாசம். எனக்குப் பதிலா ஏற வேண்டியவன் வரலையாம். இன்னிக்கே பதில் சொல்லணும். அந்தக் காசுல புயல்ல போன கூரையையும் நல்லபடியா போட்டுடலாம்.

— நீ என்ன நெனைக்கற?

— ஒண்ணும் புரியல கண்ணு. நான் இவ்ளோ கத்தியும் உன்னால இந்த ஒரு சாமியார அடிக்க முடியல. அதப் பாத்தா, உன்ன இன்னும் தனியா விடக் கூடாதுன்னு தோணுது.

— போன வாரம் ஆடிக்கிட்டிருக்கறப்ப லைன் போச்சே, ஞாபகம் இருக்கா?

— ஆமா, கடல் ஒரே கொந்தளிப்பு. பாதிச் சண்டையில போச்சு.

— உன் சத்தம் இல்ல. ஈட்டி மட்டும்தான். முதல் குத்து, தட்டினேன். அடுத்தது, தட்டினேன். மூணாவதுல ஓங்கிட்டு நின்னான். நானும் நின்னேன். எறக்கினான், தட்டினேன். முட்டி போட்டுட்டான்.

— ஜெயிச்சுட்டியா? அப்ப இது?

— அந்த ஆட்டத்தயே அழிச்சுட்டேன். வாரம் பூரா வேலைக்குப் போயிட்டு வந்து, மொதல்லருந்து ஆடி மறுபடி அவன்கிட்ட வந்து நிக்கறேன். நீ கத்தறதக் கேக்கணும்ல. உன் "தட்டு" பிந்தித்தான் வரும்னு தெரியும். தெரிஞ்சேதான் அதுக்குக் காத்திருக்கேன்.

— அடிப்பாவி! நான் இங்க தொண்ட கிழியக் கத்தறேன்... அப்ப நான் இல்லாமலே நீ சமாளிச்சுடுவ.

— சமாளிப்பேன். தண்ணி மோட்டார் நின்னா நானே பிரிச்சுப் பாக்கறேன். ஞாயித்துக்கிழமை பூசைக்குத் தனியாப் போறேன். அரிசி அளக்கறப்பகூட, கை தன்னால ஒரு ஆளுக்குத்தான் எடுக்குது.

— அப்பச் சரி. பயமில்லாம கையெழுத்துப் போடலாம்னு சொல்ற.

— போடாத டின்டோ. நீ இல்லாம இருக்க எனக்கு முக்கால்வாசி பழகிடுச்சு. மீதியும் பழகறதுக்குள்ள வந்துடு.