ஐந்தாவது நகம்

அன்று மழை பெய்ததா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை, ஐயா. பெய்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். கிண்ணம் நன்றாகக் காய்ந்திருந்தது. சுரண்டியபோது நீலம் பொடியாக உதிர்ந்தது.

இந்த அரண்மனைப் பீங்கான் சூளையில், கிண்ணங்களில் டிராகனுக்குக் கோடு போடுகிறவன் நான். கோட்டுக்குள் நீலம் நிரப்புகிறவன் ஷூன். பன்னிரண்டு வருஷம் ஒரே மேசை. கடைசிக் கை அவனுடையது என்பதால், நகங்களை எண்ணித் தன் பெயர் சொல்லி ஒப்படைக்க வேண்டியவனும் அவன்தான். பேரரசருக்கான டிராகனுக்குக் காலுக்கு ஐந்து நகம். நான்கு என்றால் அவருக்குக் கீழே இருப்பவர்களுக்கு.

ஒவ்வொரு நகமாகத் தூரிகைக் காம்பால் காட்டி உரக்க எண்ணுவான். "நாலு, அஞ்சு. சரியா இருக்குண்ணே. உங்க கெழட்டுக் கண்ணுக்கு ஆறாத் தெரிஞ்சா நான் பொறுப்பில்ல."

நான் சிரிக்க மாட்டேன். எனக்கும் சேர்த்து அவனே சிரித்துக்கொள்வான்.

அந்த வசந்தத்தோடு அவன் வேலைத் தவணை முடிந்தது. "இந்தக் கிண்ணம் நல்லபடியா வெந்து வந்துட்டா படகு ஏறிடுவேண்ணே. பொண்டாட்டிக்கு என் மூஞ்சியே மறந்திருக்கும். நீங்களும் வாங்களேன். ஏரி மீனு தின்னாலாவது வாயத் தொறப்பீங்க."

"வேலை இருக்கு," என்றேன்.

எண்ணி வைத்துவிட்டு அவன் கை கழுவப் போனான். பின்னங்காலில் ஒரு நகத்தைக் கத்தி முனையால் சுரண்டி, ஊதிவிட்டேன். இரண்டு மூச்சு நேரம்தான்.

இன்னும் ஒரு பருவம் அவனை ஊருக்கு விடாமல் இங்கேயே வைத்திருப்பார்கள், அவ்வளவுதான் என்று நினைத்தேன். இதே பிழைக்கு முன்பு ஒருவனுக்கு நடந்ததை நான் பார்த்திருந்தேன். அது வேறு காலம் என்று சொல்லிக்கொண்டேன்.

வெந்து வந்த கிண்ணத்தை மேற்பார்வையாளர் திருப்பிப் பார்த்தார். பேரரசரின் தகுதியையே இறக்கிவிட்டாய் என்றார். ஷூன் அதை விளையாட்டென்று நினைத்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"நான் எண்ணினது உங்க காதுல விழுந்துச்சுல்ல? சொல்லுங்கண்ணே."

நான் வழக்கம்போலப் பேசாமல் இருந்தேன்.

கிண்ணத்தை உடைத்துப் புதைத்தார்கள். அந்த உடைந்த துண்டைத்தான் இப்போது நீங்கள் தோண்டி எடுத்து, சுரண்டிய தடத்தைக் காட்டுகிறீர்கள். மேற்பார்வையாளர் மாற்றலாகிப் போனார். அவர் இடத்துக்குத்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள். ஷூனின் மனைவி படகில் வந்து, துறையில் மூன்று நாள் உட்கார்ந்திருந்து, அவன் தூரிகையை வாங்கிக்கொண்டு திரும்பினாள். ஷூன் அறுபதாவது பிரம்படியில் இறந்தான். சூளைக்குப் பின்னால் உள்ள மேட்டில் இருக்கிறான். மாலையில் வேலை முடிந்ததும் அவன் பக்கத்தில் போய் உட்காருகிறேன். நாங்கள் பேசிக்கொள்வதில்லை. அவனுக்கும் அதுதான் பிடிக்கும்.