நடு வட்டத்தில் தொங்குவது

இந்த இரங்கல் கூட்டத்தின் மேடையில் இருக்கும் பெரியவர்களுக்கும், பெஞ்சுகளில் நெருக்கி உட்கார்ந்திருக்கும் உங்களுக்கும் வணக்கம். முன் வரிசையில் இருக்கும் மேஸ்திரியின் மகளே, உனக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை அம்மா.

எனக்கு மேடைப் பேச்சு வராது. இந்தச் சிற்றாலயத்தின் பழைய சரவிளக்கைப் புதுப்பித்த நம் விளக்கு மேஸ்திரியோடு இரண்டு வருஷம் கண்ணாடி கழுவியவள் நான். எனக்கு முன்னால் பேசிய கட்டடக் கமிட்டிச் செயலாளர் அவரை 'ஒளியின் அரசர்' என்றார். அந்த வாயால் அதைச் சொல்ல அவருக்குத் தகுதி இல்லை. மன்னியுங்கள் என்று சொல்ல மாட்டேன்.

எங்கள் மேஸ்திரி எப்படி வேலை செய்வார் தெரியுமா? கண்ணாடித் தொங்கட்டான்களை ஒவ்வொன்றாகக் கழற்றுவார். மேல் வட்டத்துக்குச் சிவப்பு நூல், நடு வட்டத்துக்கு வெள்ளை, கீழ் வட்டத்துக்கு நீலம் என்று முடிச்சுப் போடுவார். மூன்று தண்ணீர் மாற்றி அலசி, பழைய பருத்தித் துணியில் ஒற்றி வைப்பார். "மோதிரத்தைக் கழட்டு தங்கச்சி, கண்ணாடிக்கு வலிக்கும்" என்பார்.

முதல் நாளே ஒன்றை உடைத்தேன். பயத்தில் மடியில் ஒளித்தேன். அவர் எண்ணிப் பார்த்தார். "ஒண்ணு குறையுதே... உன் மடியில இருக்கிறதையும் சேர்த்தா சரியா வருது!" திட்டவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து ஒட்டினார். "இது நடு வட்டத்துல உள்பக்கம் போகும். உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்."

மேல் வட்டம் முடிந்தது. கீழ் வட்டம் முடிந்தது. நடு வட்டத்தைக் கழுவும்போதுதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியில் படுத்தபடி அவர் கேட்டது என்ன? பத்து நாள்! பத்தே நாள்! கமிட்டிக்காரர்களே, கொடுத்தீர்களா? திறப்பு விழாத் தேதி மாறாது என்று நடு வட்டத்துக்குப் பிளாஸ்டிக் தொங்கட்டான்களை வாங்கி மாட்டினீர்கள். தடுக்க வந்த என்னிடம் செயலாளர் சொன்னார்: "கீழ இருந்து பாத்தா யாருக்கும்மா தெரியும்? நீ போய் வாளியைக் கழுவு."

தரையில் விழுந்த ஒன்றை எடுத்துப் பார்த்தேன். நடுவில் அச்சுக் கோடு, சோப்பு டப்பாவில் இருக்குமே, அது மாதிரி. சீ!

ஆஸ்பத்திரியில் அவர் மகள் திறப்பு விழாப் படத்தை போனில் காட்டினாள். பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டார். "நடு வட்டத்துல என்ன தங்கச்சி தொங்குது?" நான் அவர் போர்வையை இழுத்துவிட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு விளக்கைப் பற்றிப் பேசவே இல்லை. நான்காம் நாள் போய்விட்டார்.

இன்று அவர் படத்துக்கு மாலை போட்ட செயலாளரின் அதே கைதான், அசல் கண்ணாடிப் பெட்டிகளை நாளைக் காலை குடோனுக்கு அனுப்பக் கையெழுத்துப் போட்டிருக்கிறது. அருவருப்பாக இல்லையா உங்களுக்கு?

யாருக்குத் தெரியும் என்றீர்களே ஐயா! எல்லோரும் ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள். சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக விளக்கில் அடிக்கிறது. மேல் வட்டமும் கீழ் வட்டமும் சுவரெல்லாம் நிறத்தை வாரி இறைக்கின்றன. செயலாளரின் சட்டையில்கூட ஒரு பச்சைப் புள்ளி! நடுவில்? செத்த பல் வரிசை. இப்போது தெரிகிறதா?

கடைசியில் ஒரு நிமிடம் எழுந்து நிற்கச் சொல்வார்கள். நில்லுங்கள். நிமிடம் முடிந்ததும் உட்காராதீர்கள். பெட்டிகள் பக்கத்து அறையில்தான் இருக்கின்றன. மேஸ்திரி விட்ட இடத்திலிருந்து நான் முடிப்பேன். விளக்கை இறக்கும் சக்கரத்தைச் சுற்ற நான்கு பேர் வேண்டும்.

மோதிரம் போட்டிருந்தால் கழற்றிவிட்டு வாருங்கள்.