மாத்திரைக்குப் பால்

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. நடந்துகொண்டே சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் சார்.

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டினார். வண்டி ஏறினால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. மகள் பிறந்தது, பள்ளிக்கூடம் போனது எல்லாம் அவருக்குப் போனில் வந்த செய்தி. நான் ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்தே பழகிவிட்டேன்.

பிறகு அவருக்கு நடுக்குவாதம் வந்தது. கை உதறியது, நடக்கும்போதே கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. வண்டியை விட்டுவிட்டு வீட்டோடு வந்துவிட்டார். அழுதார். நானும் கூட உட்கார்ந்து அழுதேன். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

டாக்டர் மாத்திரை எழுதித் தந்தார். "சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி, வெறும் வயித்துல குடுங்கம்மா. பால், முட்டை, கறியோட சேத்துக் குடுத்தா மருந்து சரியா ஏறாது. கை கால் கட்டை மாதிரி நின்னுடும்."

அப்படியேதான் கொடுத்தேன். கொஞ்ச நாளில் சட்டைப் பொத்தானை அவரே போட்டுக்கொண்டார். தெருமுனைக் கடைவரை போய் அரட்டையடித்துவிட்டு வந்தார். ஒருநாள் செருப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "தம்பி வீட்டுல போய் கொஞ்ச நாள் இருக்கலாம்னு பாக்குறேன். இங்க சுவத்தையே பாத்துட்டு இருந்தா மூச்சு முட்டுதுடி."

சுவருக்கும் அவருக்கும் நடுவில் நான்தான் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் மாத்திரையைப் பாலோடு கொடுத்தேன். கூடவே அவித்த முட்டை. இளைத்த உடம்பு தேற வேண்டாமா? மத்தியானத்துக்குள் கால் இறுகிவிட்டது. பயணம் தள்ளிப்போயிற்று. அவருக்கு ஊட்டிவிட்டேன், தலை வாரிவிட்டேன், காலைப் பிடித்துவிட்டேன். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் அவ்வளவு ஒட்டுதலாக இருந்ததில்லை. மகள் வந்து பார்த்துப் பதறி, டாக்டரிடம் சண்டை போட்டாள். அவர் மாத்திரையைக் கூட்டினார். நான் பாலைக் கூட்டினேன்.

அவருக்கும் ஒருநாள் சந்தேகம் வந்தது. "வெறும் வயித்துலன்னுதானே டாக்டர் சொன்னாரு?"

"அது பழைய மாத்திரைங்க. இது வேற."

தலையாட்டிவிட்டுக் குடித்தார். என்னை நம்பாமல் வேறு யாரை நம்புவார்?

போன செவ்வாய்க்கிழமை அவர் முட்டையைத் தொடவில்லை. பாலை மட்டும் குடித்தார். நான் பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது, தம்பி வீட்டுக்கென்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஜன்னலில் வந்து பார்த்தேன். சாலையின் பாதிவரை போய்விட்டிருந்தார். அங்கே கால் நின்றுவிட்டது. உடம்பு முன்னால் சாய்ந்தது, பாதம் எழவில்லை. தலையை மட்டும் திருப்பினார்.

"ஏய், ஓடி வாடி. கையைப் புடிச்சுக்க."

வளைவுக்கு அந்தப் பக்கம் பஸ் வரும் சத்தம் எனக்குக் கேட்டது. வாசல் திறந்துதான் கிடந்தது. போய் அழைத்துவந்திருக்கலாம். ஆனால் நாளைக்கு மறுபடி கிளம்புவார், அதற்கு மறுநாளும் கிளம்புவார் என்று தோன்றியது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். என் வாழ்நாளில் நடக்காமல் நின்றது அப்போதுதான்.

மருந்து ஏறவிடாமல் செய்தது நான்தான். தெரிந்தேதான் செய்தேன். பஸ் டிரைவர்மேல் தப்பில்லை, அவரை விட்டுவிடுங்கள்.

ஆனால் கால் வராததால்தான் அவர் அங்கே நின்றார் என்று மட்டும் எழுதாதீர்கள் சார். என்னை விட்டுப் போக மனசு வரவில்லை, அதனால்தான் நின்றார்.